டீசல் வரிசையில் ஒரு கேரவன்

முன்னால் மணல் லாரி, அதற்கு முன்னால் கோழி வண்டி, அதற்கும் முன்னால் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள் முதுகு, எல்லாம் சேர்ந்து கரூர் பைபாஸிலிருந்து பங்க் வாசல் வரைக்கும் வாலாக நீண்டு கிடக்க, வண்டிக்குள் மேல் படுக்கையில் குப்புறப் படுத்து ஜன்னல் திரையை ஒற்றை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சௌபர்ணிகா, அங்கே பம்ப்பருகே நீலச்சட்டைக்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இங்கே தானும் திறந்தாள். ஜீரோ பாத்துக்குங்க சார். மூக்கிலிருந்து வரவேண்டும் அது, தொண்டைக்கு அதில் வேலையே கிடையாது, 'சார்' என்பதில் பாதி இந்த வண்டிக்கும் மீதி அடுத்த வண்டிக்கும் போய்ச் சேரவேண்டும். ஜீரோ பாத்துக்குங்க சா. ஜீரோ பாத்துக்குங்க மேடம். வந்துவிட்டது, காலையிலிருந்து கிடைத்த ஒரே லாபம் இந்தக் குரல்தான். எல்லாரும் ஜீரோவை மட்டும் ஒழுங்காகப் பார்க்கிறார்கள், அது ஓட ஆரம்பித்ததும் வானத்தைப் பார்க்கிறார்கள், செருப்பைப் பார்க்கிறார்கள், கோழி வண்டிக்காரர் தன் கோழிகளையே பார்க்கிறார். சாயங்காலம் மறுபடியும் வெலைய ஏத்தப் போறானாம். யாரோ சொல்லி, யாரோ கேட்டு, ஊரே வந்து நிற்கிறது. ஏத்திட்டான், ஏத்தப் போறான், இன்னும் ஏத்துவான். யார் அந்த அவன் என்று யாரும் கேட்பதில்லை. டிவியில் செய்தி வாசிக்கிற அம்மா, புடவை மடிப்புக்கூடக் கலையாமல், 'எண்ணெய் நிறுவனங்கள் இன்றும் விலையை உயர்த்தியுள்ளன' என்று சொல்கிறார். அந்தக் குரல் சௌபர்ணிகாவிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மளிகைக் கடை அண்ணாச்சி, 'நான் என்னம்மா பண்ணட்டும், லாரி வாடகை ஏறிப்போச்சு' என்கிறார். அதுவும் இருக்கிறது, இழுப்போடு இருக்கிறது. பெரியப்பா, பி.டி. மிஸ், மினி பஸ் கண்டக்டர், கரண்ட் ஆபீஸ் ஆள், எல்லாருமே தொண்டைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏத்துகிறவனுக்கு மட்டும் குரலே இல்லை. ஒரே ஒரு தரம் இருமித் தொலைத்தால்கூடப் போதும், பிடித்துவிடுவாள். இருமமாட்டேன் என்கிறான்.

குரல் இல்லாதவன் ஒருத்தன் வழியை எல்லாம் மாற்றிக்கொண்டே போனான் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வழி மாற்றப்படுகிறது. போனில் மேப் சொல்கிற அந்தப் பொம்பளைக் குரல், எதற்கும் கோபப்படாத குரல், குளத்துக்குள் வண்டியை விட்டாலும் 'வழி மாற்றப்படுகிறது' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற குரல். முதலில் போட்ட வழி என்ன. ஈரோடு, சத்தி, திம்பம் மலை, மைசூர், அங்கிருந்து கொல்லூர், கொல்லூரிலிருந்து கடலை ஒட்டியே கோவா, திரும்பும்போது ஹம்பி. பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு கிளம்புவது, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் வந்து சேர்வது, ராத்திரி எங்கே நிறுத்துகிறோமோ அங்கே தூக்கம். அப்புறம் ஒரு தரம் ஏத்தினான், ஹம்பி போனது. 'கல்லுதான கண்ணு, நம்ம ஊர்ல இல்லாத கல்லா' என்றாள் அம்மா. மறுபடி ஏத்தினான், கோவா போனது, அதில் அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மூன்றாவது ஏற்றத்தில் கொல்லூரே போனது. 'மைசூர்ல சாமுண்டி இருக்காள்ல, அவளும் அம்மன்தான்' என்றாள் அம்மா. வழி மாற்றப்படுகிறது. அதற்கடுத்து மைசூர் ஏற்காடு ஆனது, ஏற்காடு மாயனூர் கதவணை ஆனது. மாயனூருக்கு ஜனங்கள் டிவிஎஸ் பிஃப்டியில் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போய் மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டு மதியமே வந்துவிடுவார்கள், அதற்கு எதற்கு வீட்டையே சக்கரத்தில் கட்டினீர்கள் என்று கேட்டால் அப்பா டயரில் காற்று பார்க்கப் போய்விடுவார். கொல்லூரில் ஓடுகிற ஆற்றின் பேர்தான் சௌபர்ணிகா. கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் ரயிலேறிப் போய் முழுகிவிட்டு வந்து வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஒவ்வொரு டீச்சரும் அதை ஒருவிதமாக உடைத்தார்கள். அந்த உடைசல் குரல்களும் இருக்கின்றன. இப்போது அந்த ஆற்றுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது திம்பமோ மைசூரோ அல்ல, பம்ப்பில் ஓடுகிற சிவப்பு எண். அதுகூடப் பரவாயில்லை, எண்ணாவது கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைக்கு வரிசையில் நிற்பது மாயனூருக்கும் இல்லையே. பொள்ளாச்சிக்கு. சினிமாக் கம்பெனிக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிற தாமோதரனிடம் வண்டியை ஒப்படைக்க. வாடகைக்கு, லீவு முழுக்க. இந்தப் படுக்கைகளைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பல்பு எரிகிற கண்ணாடி மாட்டுவார்களாம், அடுப்பு மேடை இருக்கிற இடத்தில் சோபா வருமாம். கழற்றுவதைத் திருப்பி மாட்டுவார்களா என்று அவள் கேட்டதற்கு, 'மாட்டலாம்' என்று அப்பா எங்கோ பார்த்துச் சொன்னார். இந்தக் குரல்தான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், அப்புறம் எந்த ஊர்க் காலேஜோ. அப்புறம் என்கிற ஊருக்கு எந்த மேப்பிலும் வழி இல்லை.

கீழே டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. அம்மா சமையல் அலமாரியைக் காலி பண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள், பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமே. குக்கர், இரண்டு தூக்குப் போசி, அரிசி டப்பா, மிளகாய்த்தூள் சிந்தாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் இறங்குகிற ஓசையை மேலே படுத்துக்கொண்டு கேட்கும்போது, தன்னையும் இப்படியே மடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. 'ஏம்புள்ள, எறங்கி வந்து இந்தச் சாக்கு வாயைப் புடியேன்.' புடிக்கமாட்டேன். 'புடிக்கமாட்டயா. ரெண்டு இட்லியாவது தின்னு.' திங்கமாட்டேன். 'அப்ப பட்டினி கெட. உன்ற அப்பன் ஒண்ணும் ஆசைப்பட்டுக் குடுக்கல. டீசல் விக்கற வெலைக்கு இத்தாப்பெரிய வண்டிய எடுத்துட்டு ஊர் சுத்துனா சிரிக்க மாட்டாங்களா. உன்ற பெரியப்பா காருக்கே யோசிச்சு யோசிச்சுப் போடறாரு.' சௌபர்ணிகா தலையணைக்குள் முகத்தை வைத்துப் பெரியப்பாவை எடுத்தாள், வயிற்றைத் தடவியபடி பேசுகிற அந்தக் குரல். 'இதென்ன உமா, என்ற தம்பி குழந்தைவேலுக்குப் புத்தி கெட்டுப்போச்சா, ஊட்டுக்குச் சக்கரம் வெப்பாங்களா யாராச்சும்.' கீழே சாக்குச் சத்தம் நின்றது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது சிரிக்காத விதத்திலேயே தெரிந்தது. 'கம்முனு இருடி, பெரியப்பாவை அப்பிடியெல்லாம் பேசக்கூடாது' என்றாள், இரண்டு நொடி கழித்து. அம்மாவின் குரல் சுலபம், உலகத்திலேயே சுலபமான குரல் அதுதான். திட்டும்போது பாசமாகவும் பாசமாயிருக்கும்போது திட்டாகவும் இருந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு போனில் பால்காரரை எத்தனையோ தரம் ஏமாற்றியாயிற்று, ஒரு தரம் அவர் பாக்கெட்டோடு தயிரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வெளியே பேச்சு கூடுகிறது. டூவீலர் வரிசையிலிருந்து மூன்று பேர் இறங்கி வந்து வண்டியின் பக்கவாட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். 'கேரவன்டா.' 'ஷூட்டிங்கா, நம்ம கரூர்லயா.' 'திரை போட்டிருக்கு பாரு, உள்ள ஆளு இருக்கு.' இதுதான் இந்த ஊரின் வழக்கம், இந்த ஊரென்ன, எந்த ஊருமே. படுக்கையும் திரையும் இருக்கிற வண்டி என்றால் உள்ளே நடிகர்தான் இருக்க வேண்டும். பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தகரம் அடிக்கிற ஒருத்தர், ஆயுசு முடிந்துபோன ஒரு காலேஜ் மினி பஸ்ஸை வாங்கி, வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கட்டி, அதில் தன் பெண்டாட்டியையும் மகளையும் தூங்க வைக்கப் போகிறார் என்று சொன்னால் எவன் நம்புவான். பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்த முதல் நாளே ஒரு கிழவர் கதவைத் தட்டி, வில்லனாக நடிக்கிறவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார், அப்பா எண்ணெய்க் கையோடு இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார், கிழவர் திருப்தியாகப் போனார். இப்போது ஜன்னல் கண்ணாடியில் விரல் தட்டுகிறது. விடுவாளா. சினிமாவில் உதவி டைரக்டர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் எப்படிப் பேசினால் இவர்கள் நம்புவார்கள் என்று தெரியும். 'தம்பி, சார் இப்பத்தான் கண்ணசந்தாரு, கொஞ்சம் தள்ளி நின்னு பேசறீங்களா.' வெளியே மூன்று பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்கள். மணல் லாரிக்காரர்கூட எஞ்சினை அணைத்தாரோ என்னவோ. 'எந்த சாருங்க?' 'பெரிய சாரு.' சௌபர்ணிகா நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு இருமல் இருமினாள், காசு நிறையச் சம்பாதித்த இருமல். 'டேய், அவரேதான்டா.' 'எவர்டா?' 'இருமல் தெரியல, அவருதான்.' ஆளுக்கு ஒரு நடிகரைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள், எவனும் இன்னொருத்தன் யாரை நினைக்கிறான் என்று கேட்கவில்லை. 'சார், டீசல் வெலை ஏறிட்டே போகுதே, எதாவது சொல்லுங்க சார்.' இதைக் கேட்டவனுக்குச் சின்ன வயசு, குரல் இன்னும் முழுசாக உடையவில்லை, ஆனால் நிஜமாகவே கேட்கிறான், உள்ளே இருக்கிறவர் எதையாவது சொன்னால் ஏதோ நடக்கும் என்பது போல. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். 'ஏத்தட்டும்' என்றாள், ஒவ்வொரு எழுத்துக்கும் கைதட்டல் வரட்டும் என்பதுபோல் நிறுத்தி. 'எவ்வளவு வேணும்னாலும் ஏத்தட்டும். நாம எறங்கமாட்டோம்.' விசில் பறந்தது. கோழிகள் மிரண்டு கூச்சலிட்டன. அம்மா கீழேயிருந்து கரண்டியால் படுக்கைப் பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். முன்னால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோள் ஒரு தரம் குலுங்கியது, பார்த்தாள், நிச்சயமாகப் பார்த்தாள், குலுங்கிவிட்டு யாரோ கை வைத்து அமுக்கினாற்போல் நின்றுவிட்டது. அவளுக்குத்தான் சிரிப்பு பாதியில் மாட்டிக்கொண்டது. எறங்கமாட்டோம் என்ற அந்த வார்த்தையை அவள் ராத்திரியெல்லாம் அப்பாவிடம் சொல்ல நினைத்து வாயில் வராமல் புரண்டுகொண்டிருந்தாள், இல்லாத ஒரு நடிகனின் தொண்டைக்குள் போனதும் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அப்பாவின் குரல். அதற்கு வரலாமா, வேண்டாமா. வரிசையில் நின்றதிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் பேச்சில் ஓட்டை உண்டு. 'நாளைக்கு' என்பார், நிற்பார், 'வந்துருவோமுங்க' என்பார். கேட்கிறவர்களுக்கு அவர் யோசிப்பதுபோல் இருக்கும், யோசிப்பதில்லை, சுத்தியல் விழுவதற்கு இடம் விடுகிறார். பட்டறையில் நாள் பூரா தகரத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவில் பேசிப் பேசி, சுத்தியல் இல்லாத இடத்திலும், சோறு தின்னும்போதும், கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லும்போதும் அந்த இடைவெளியை விட்டுக்கொண்டே பேசுகிறார். இது அவளுக்குத் தெரிந்தது இந்த வண்டி கட்டும்போதுதான். வெளித்தகரத்தில் ரிவிட் ஆணி அடிக்கும்போது உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், அடித்தால் அடி அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவிட் துள்ளிப் போய்விடும். உள்ளே அவள், வெளியே அவர், நடுவில் தகரம். முகம் தெரியாது. 'புடிச்சிட்டயா.' அடி. 'அம்மிணி.' அடி. 'கையி.' அடி. 'வலிக்குதா.' ஒவ்வொரு அடியும் முழங்கை வரைக்கும் ஏறி வரும், ஆனால் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், அந்த இடைவெளி அப்படி அளந்து வைத்தாற்போல் இருக்கும். அந்தக் குரலை எடுக்க வேண்டுமானால் வார்த்தையை விட்டுவிடலாம், ஓட்டையைத்தான் சரியாக எடுக்க வேண்டும். எடுத்தும் வைத்திருந்தாள், உற்சாகமான ஓட்டைகள், கொல்லூருக்கும் கோவாவுக்கும் நடுவில் விழுந்த ஓட்டைகள். விலை ஏற ஏற அவை மாறிவிட்டன. நீளமாகிவிட்டன. சுத்தியல் விழ வேண்டிய நேரம் தாண்டியும் நீள்கின்றன. பல் விளக்கிக்கொண்டிருந்தபோது காலையில் ஒரே ஒரு தரம், வாயில் நுரையோடு, முணுமுணுத்துப் பார்த்தாள். சரிங்க. தாமோதரன். எடுத்துக்குங்க. உடனே துப்பிவிட்டாள். ஒருத்தர் குரலை எடுத்தால் அவர் உடம்பும் கூடவே வரும், இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெரியப்பாவை எடுத்தால் வயிறு முன்னால் வரும், பி.டி. மிஸ்ஸை எடுத்தால் முட்டி விறைக்கும். அப்பாவின் இந்தப் புதுக் குரலை எடுத்ததும் அவளுடைய வயிறு உள்வாங்கி, தாடை இறங்கி, இரண்டு கையும் எதையோ முட்டுக் கொடுத்துப் பிடித்தாற்போல் இறுகிக்கொண்டன. பயம் இருக்கும் என்று நினைத்திருந்தாள், வெட்கம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது வேறு. தகரத்துக்கு உள்பக்கம் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியேயிருந்து அடி விழக் காத்திருக்கிறவரின் உடம்பு. யாராவது அந்த இடைவெளிக்குள் வந்து வேண்டாம் என்று ஓங்கி ஒரு அடி அடிக்கமாட்டார்களா என்று காத்திருக்கிறார். அம்மா அடிக்கவில்லை. அவள் ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துவிட்டாள், பெரியப்பா என்ன சொல்வார் என்று பார்த்துவிட்டாள். சௌபர்ணிகா கத்தினாள், அழுதாள், படுக்கையை விட்டு இறங்கமாட்டேன் என்றாள், ஆனால் கத்துவது வேறு, அடி வேறு. இல்லை, இரு. இதெல்லாம் உன் ஆசை. உனக்குப் போக வேண்டும், அதனால் அந்த ஓட்டைக்குள் உனக்கு வேண்டியதை நீயே போட்டு அடைக்கிறாய். அது வெறும் ஓட்டையாக இருந்தால். களைத்துப்போன மனுசன் மூச்சு வாங்குகிற இடமாக மட்டும் இருந்தால். வெளியே நிற்கிறார்களே மூன்று பேர், ஒரு இருமலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நடிகரைச் செய்துகொண்டவர்கள், அவர்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்.

'அட, என்னங்க இது' என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளை ஜீப் வரிசையை மதிக்காமல் மணல் லாரிக்கும் இவர்களுக்கும் நடுவில் மூக்கை நுழைத்திருந்தது. முன்கண்ணாடி வழியே அப்பா கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது, ஊமைப்படம், ஆனால் ஓட்டைகள் இங்கிருந்தே தெரிந்தன, கை உயர்ந்து நின்று பிறகு இறங்கியது. அப்போது போன் அடித்தது. அவள் தலைமாட்டிலேயே. மேல் படுக்கையில் படுத்துக்கொண்டே பாட்டுக் கேட்கட்டும் என்று அப்பா வைத்துக் கொடுத்த பிளக்கில்தான் அவர் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தாமோதரன். 'எடுக்காதடி' என்றாள் அம்மா, 'அப்பாவைக் கூப்பிடறேன் இரு'. கூப்பிட வேண்டியதில்லையே, அவர்தான் தொண்டைக்குள் இருக்கிறாரே, நுரையோடு துப்பியும் போகாமல். விரல் ஏற்கெனவே பச்சையைத் தள்ளிவிட்டது. 'தலைவரே வணக்கம்' என்றது போன், வெல்லப்பாகு ஊற்றின குரல், இன்னொரு நாளாக இருந்தால் பேச்சைவிட்டு அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். 'கெளம்பியாச்சுங்களா? ஆளுங்க ரெடியா நிக்கறாங்க, வந்த ஒடனே அந்தப் பெட்டெல்லாம் கழட்டிப்போடலாம்.' 'இல்லீங்க' என்றாள் அவள். அவள் வாயிலிருந்து அப்பா சொன்னார். அப்பாவின் கட்டைக் குரல், அடித்தொண்டையில் லேசாகத் தகரத்தூள். கீழே அம்மா நிமிர்ந்து முன்கண்ணாடிக்கு வெளியே கையாட்டுகிற புருசனைப் பார்த்தாள், மேல் படுக்கையைப் பார்த்தாள், மறுபடி வெளியே பார்த்தாள், கையிலிருந்த தூக்குப் போசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை வர வேண்டும், வரவில்லை, ஓட்டை விழுந்தது, நீளமாக. தாமோதரனால் அதைத் தாங்க முடியவில்லை. 'டீசல்தானுங்களே பிரச்சனை. சொல்லவே இல்ல பாருங்க. வர்ற டீசலும் நம்ம கணக்குலயே போட்டுக்கலாம் தலைவரே.' அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். 'சரிங்க, கூட ஒரு ஆளு வந்தா அவருக்கும் சாப்பாடு, பேட்டா எல்லாம் நம்முளுதே.' ஐயோ, இவன் பேரம் என்று நினைக்கிறான். பேசாமல் இருக்க இருக்க விலை ஏறுகிறது. 'சொல்லுங்க தலைவரே, வாடகையில குறையா? புரொடியூசர்கிட்ட நான் பேசறேன், சேத்தியே வாங்கித் தர்றேன், லீவு முடிஞ்சும் ஓட்டிக்கலாம், வருசம் பூரா ஓட்டிக்கலாம், உக்காந்த எடத்துல வருமானம்.' ஒவ்வொரு ஓட்டையிலும் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான், போடப்போட அது கனத்தது. இதை அப்பா கேட்டிருந்தால். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நீ யார். பட்டறையில் நாள் பூரா நின்று இடுப்புப் போகிறது அவருக்கு, உனக்கா. ஒரு ஆறு, பேரில் தவிர எங்கும் பார்த்திராத ஒரு ஆறு. விளையாட்டு என்று சொல்லிக் கட் பண்ணிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, மேப்புக்காரியின் குரலில் 'வழி மாற்றப்படுகிறது' என்று சொல்லிவிட்டால்கூடத் தாமோதரன் குழம்பிப்போய் மறுபடி கூப்பிடுவான். கை இரண்டும் இறுகிக்கொண்டன. முட்டுக் கொடுத்துக்கொண்டன. 'வண்டி' என்றாள். நிறுத்தினாள், சுத்தியலுக்கு இடம் விட்டு. 'வராதுங்க.'

அப்பா ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார், ஜீப் என்ன ஆனது, தெரியவில்லை. போனிலிருந்து தாமோதரன் கத்துவது வண்டி முழுக்கக் கேட்டது, 'என்ன தலைவரே இப்பிடிப் பண்றீங்க, வருசம் பூராங்கறேன், புரியுதுங்களா, வருசம் பூரா.' அப்பா மேலே ஏறி வந்தார். கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்துவிட்டு, இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்கிறாற்போல் தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அடி எங்கே விழும் என்று மட்டும் இந்தத் தரம் தெரியவில்லை. அவர் போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டார். வருமானத்தைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், சேர்த்துத் தருகிற வாடகையைக் கேட்டார். கேட்டுக்கொண்டே படுக்கையின் ஓரத்தில் வரிசையாக இருந்த ரிவிட் தலைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். 'அதான் சொன்னேனே' என்றார். 'வராதுன்னு.' போன் ஏதோ கேட்டது. 'நாந்தான் பேசுனேன். வேற ஆரு பேசுவா.' ஓட்டையே இல்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. 'நான் அப்பிடியா பேசறேன்?' என்று கேட்டார் அப்பா. மகளிடம் கேட்டாரா, அம்மாவிடம் கேட்டாரா, தெரியவில்லை. அம்மாதான் பதில் சொன்னாள். 'பின்ன. நீங்க ஒரு பேச்சைப் பேசி முடிக்கறதுக்குள்ள ரசம் ஆறிப்போயிருது.' அவர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாற்போல. சௌபர்ணிகா அந்த ஒரே மூச்சை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள், அதான் சொன்னேனே வராதுன்னு, அது நாக்கில் நிற்கவே இல்லை, இன்னும் பிடிபடாத குரல், பிடிக்கவேண்டிய குரல், இருக்கட்டும், போகிற வழியில் நிறையப் பேசுவார். 'இப்ப என்னங்க பண்றது' என்றாள் அம்மா, தூக்குப் போசியை இன்னும் கீழே வைக்காமல். 'உங்க அண்ணன் கேட்டா என்ன சொல்றது.' 'போயிருக்கோம்னு சொல்லு.' 'எங்கன்னு கேப்பாரே.' 'கொல்லூர்.' 'இருக்கற காசுக்கு டீசல் போட்டுட்டு அவ்வளவு தூரம் எப்பிடிங்க போறது. திம்பத்துலயே பாதியக் குடிச்சிரும். நடுவழியில தீந்து நின்னா?' அப்பா ஸ்டியரிங்குக்குப் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார். 'தீந்த எடத்துல நிறுத்திச் சோறாக்கித் தின்னுட்டு, அங்கயே நாலு நாளு இருக்கலாம். தகரம் அடிக்கற வேலை இல்லாத ஊரு எங்க இருக்குது. ஊடு கூடத்தான வருது.' அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், அந்த மூன்று பையன்களும் பெரிய சாரை வழியனுப்பக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் குனிந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே கையை விட்டு அரிசி டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

'அப்பிடின்னா இந்த அரிசி பத்தாதுங்க' என்றாள்.